பாப்பா கொல்லைக்கு

சிதம்பரம்
7.6.2009

உன் பிள்ளைக்கு நீ ஒன்றுமே பழக்கவில்லை, அனு.

நலம் விசாரிக்கும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு அடுத்த வரி வராது. ப்ரீத்தி இங்கே வந்து ஆறு நாள் ஆகிறது. கூடத்தில் நான்கு தடவை, சமையல்கட்டு வாசலில் இரண்டு தடவை, நேற்று அப்பாவின் ஈசிச்சேரில் ஒரு தடவை. துணியைக் கழற்றித் துவைத்துப் போட்டிருக்கிறேன். அப்பா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"ஏண்டி, வர்றதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். தரையில் இருந்த ஈரத்தைத் தொட்டுக் காட்டி, "அத்த, மழ" என்றாள். என் பையன் கோகுல் விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் சிரித்தால் பழக்க முடியாது. ரெண்டரை வயசில் கோகுல் ராத்திரிகூடப் படுக்கையை நனைத்ததில்லை.

நீயும் என் தம்பியும் கல்யாணம் பண்ணிக்கொண்டு நாலு வருஷம் கழித்து, உனக்கு சர்க்கார் வேலை கிடைத்த செய்தி வந்த பிறகுதான் அப்பா, "கொழந்தையக் கொண்டாந்து வுடச் சொல்லு" என்றார். உன் ரெண்டு மாதப் பயிற்சி ஒரு சாக்கு. இந்த ரெண்டு மாதத்தில் எதுவும் கெட்டுவிடக் கூடாது. ஒரு வாரத்தில் நான் அவளைப் பழக்கிவிடுகிறேன். நீ தலையிடாதே.

போன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. உன் செல்லில் பாதி வார்த்தைதான் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். அந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு.

குணசுந்தரி


பவானிசாகர்
12.6.2009

அன்புள்ள அண்ணிக்கு, அனுப்பிரியாவின் வணக்கம். தண்ணீர் ஒத்துக்கொண்டது, ஹாஸ்டல் சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை. மாமாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறதா? கோகுல் பள்ளிக்கூடத்துக்கு அழாமல் போகிறானா?

ஒன்றும் பழக்கவில்லை என்பது உண்மை. சண்டைக்கு வரமாட்டேன். காலையில் அவளைப் பக்கத்து வீட்டு ஜெயராணியிடம் விட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன். சாயங்காலம் வந்து ஈர ஜட்டிகளை அலசிப் போட்டேன். உங்கள் தம்பி அரசு, சாயக் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கினார். இதற்கு நடுவில் யார், எதை, எப்போது பழக்குவது?

ஆனால் தலையிடாமல் இருக்க முடியாது, அண்ணி. அடிக்காதீர்கள். கரண்டியைக் காய்ச்சிக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். மாமாவின் முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கூடத்தை ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டியிருப்பதாக அரசு சொன்னார். அதில் உட்காரவையுங்கள். கமோடு பெரிதாக இருந்தால் பயப்படுவாள். மேலே வைக்கிற சின்ன பிளாஸ்டிக் சீட் ஒன்றை அரசுவிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் பிளஸ் டூ முடிக்கும்வரை எங்கள் காலனியில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. சவுக்குத் தோப்புக்குப் போவோம். ஆள் வரும் சத்தம் கேட்டால் பாதியில் எழுந்து நிற்க வேண்டும். எங்கள் அம்மா பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருநூறு பிள்ளைகளின் கக்கூஸைக் கழுவிவிட்டு, சாயங்காலம் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே தோப்புக்கு வருவாள். ப்ரீத்திக்கு அது தெரியவே கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் பயப்படாமல் உட்காரப் பழக வேண்டும். எனக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

அவள் ராத்திரி அழுதால் முதுகைத் தட்டாதீர்கள், காதைத் தடவுங்கள். உடனே தூங்கிவிடுவாள்.

அனு


சிதம்பரம்
22.6.2009

அன்புள்ள அனுவுக்கு ஆசீர்வாதம். அப்பா சௌகரியம். கோகுலுக்கு மட்டும் சளி. உன் உடம்பை அங்கே நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈசிச்சேர்த் துணி திரும்ப மாட்டியாயிற்று. எட்டு நாளாக வீடு காய்ந்து கிடக்கிறது. உன் மகள் இப்போது நான் எங்கே இருந்தாலும் தேடி வந்து, முந்தானையை இழுத்து, "அத்த, பாப்பா கொல்லைக்கு" என்கிறாள். எழுந்ததும் ஒரு தடவை, பால் குடித்ததும் ஒரு தடவை, மத்தியானம் தூங்கி எழுந்ததும் ஒரு தடவை, அவள் கேட்காமலே கூட்டிப்போய் உட்காரவைப்பேன். பக்கத்தில் நானும் குந்திக்கொண்டு காக்கா கதை சொல்வேன். முதல் தடவை அவளாகச் சொல்லிவிட்டுப் போனபோது கோகுல் கைதட்டினான். அதிலிருந்து யாராவது கைதட்டினால்தான் எழுந்திருக்கிறாள். அவன் பள்ளிக்கூடம் போனபிறகு நான் தட்டுகிறேன். முப்பத்தாறு வயசில் எனக்கு இப்படி ஓர் உத்தியோகம்.

அடிக்கவில்லை. கரண்டி காட்டவில்லை. காதைத் தடவித்தான் தூங்கவைக்கிறேன்.

நேற்று தம்பி வந்திருந்தான். சீட்டைக் கொடுத்தான், வாங்கி வைத்தேன். மத்தியானம் சாப்பிட்டான். சாயங்காலம்வரை இருப்பான் என்று பார்த்தேன். ரெண்டு மணிக்கே கிளம்பிவிட்டான். ஷிஃப்ட் என்றான்.

நன்றாகப் படி.

குணசுந்தரி


பவானிசாகர்
28.6.2009

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். கோகுலின் சளிக்குக் கற்பூரவல்லிச் சாறு கொடுத்தீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் கடிதத்தைக் கிளாஸில் வைத்துப் படித்தேன். அலுவலகக் கோப்பை எப்படி வரிசைப்படுத்துவது என்று சார் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் கைதட்டும் இடத்தில் சிரித்துவிட்டேன். சார் எழுப்பி நிற்கவைத்தார். நின்றுகொண்டே இன்னொரு தடவை படித்தேன்.

என் பிள்ளைக்கு நான் செய்யாததை நீங்கள் செய்திருக்கிறீர்கள். இந்த நாலு வருஷத்தில் உங்களைப் பற்றி நான் நினைத்ததில் பாதியை அழித்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கொல்லைக்கு என்றால் எங்கே, அண்ணி? சீட் பொருந்தியதா? அரசுவைக் கேட்டால், "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, நீ படிப்பப் பாரு" என்கிறார். கண் எரிய எரிய ஷிஃப்ட் முடித்து வந்தாலும் நல்லாத்தான் இருக்கு என்று சொல்கிற ஆள் அவர்.

அனு


சிதம்பரம்
11.7.2009

அன்புள்ள அனுவுக்கு ஆசீர்வாதம். கோகுலுக்குச் சளி காய்ச்சலாகிவிட்டது, அதனால் தாமதம். இப்போது இறங்கிவிட்டது. நீ வேளைக்குத் தூங்குகிறாயா?

நீ கேட்டது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. உங்கள் பக்கத்தில் எப்படியோ, எங்கள் வீட்டில் கொல்லைக்கு என்றுதான் சொல்வது. அது ஒரு வார்த்தை. அப்பா உள்ளே கமோடில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வந்தால்கூட, "அப்பா கொல்லைக்குப் போயிருக்காரு, செத்த உக்காருங்க" என்போம். வந்தவர் கொல்லைக் கதவைப் பார்ப்பாரா என்ன? கோகுலும் அப்படித்தான் சொல்வான். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு யோசிக்காதே.

உன் மகளைப் போல் சுத்தம் பார்க்கிற பிள்ளையை நான் கண்டதில்லை. போய்விட்டு வந்ததும் அவளே மக்கை எடுத்துக்கொள்கிறாள். அவளுக்கென்று ஒரு சிவப்பு மக் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நடந்த இடமெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வருகிறாள். முந்தாநாள் அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒரு தமாஷ் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அதை எழுதினால் நன்றாக இருக்காது, நேரில் சொல்கிறேன்.

முப்பத்தொன்றாம் தேதி தம்பி வந்து அவளை அழைத்துப் போகட்டும். நீ அலைய வேண்டாம்.

குணசுந்தரி


கடலூர், திருப்பாதிரிப்புலியூர்
5.8.2009

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். நான் ஊர் வந்து சேர்ந்தேன். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுதுங்கள். ப்ரீத்திக்குத்தான் சுகமில்லை.

ஈரமே இல்லை, அது உண்மை. வேளை தவறாமல் சொல்கிறாள். "அம்மா, பாப்பா கொல்லைக்கு" என்கிறாள். எங்களுடையது மாடிப் போர்ஷன், கொல்லை கிடையாது. உள்ளே கூட்டிப்போனால் வாசற்படியில் நின்று, கதவின் நாதாங்கியைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். தூக்கி உட்காரவைத்தால் உடம்பை வில்லாக வளைக்கிறாள். ஒன்றுக்கு மட்டும் துணி துவைக்கிற கல் ஓரத்தில் குந்திக்கொள்கிறாள். மற்றதை நான்கு நாள் அடக்கிவைத்தாள். வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. நேற்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் எனிமா கொடுத்தார்கள். ரத்தத்தோடு வந்தது. "பயந்திருக்கு. எதுக்குப் பயப்படுதுன்னு பாரும்மா" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து, மடியில் வைத்துக்கொண்டு, ஏண்டி தங்கம் உள்ளே போகமாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். அவள் பாடம் ஒப்பிப்பதுபோல், "கோகு உள்ள. பாப்பா கொல்ல" என்றாள்.

அதற்கப்புறம் அவள் பையைக் கொட்டிப் பார்த்தேன். நான் வாங்கி அனுப்பிய சீட் அடியில் இருந்தது. மேலே சுற்றிய பாலிதீன்கூடக் கிழியவில்லை, அண்ணி. கடைக்காரர் ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது.

வார்த்தை என்றீர்களே. எந்த இடம் என்று எழுதுங்கள்.

அனு


சிதம்பரம்
12.8.2009

அன்புள்ள அனுவுக்கு ஆசீர்வாதம். குழந்தைக்கு இப்படி ஆனது கேட்டு மனசு கஷ்டப்பட்டது. இடம் மாறினால், தண்ணீர் மாறினால் குழந்தைகளுக்கு மலம் இறுகும். ராத்திரியே பத்து உலர்ந்த திராட்சையை வெந்நீரில் ஊறப்போட்டு, காலையில் பிசைந்து வடிகட்டிக் கொடு. மூன்றே நாளில் சரியாகும். கோகுலுக்கும் அப்படித்தான் இருந்தது. டாக்டர்கள் எதையாவது சொல்வார்கள்.

ஒரு நல்ல சேதி. ஆவணி 28, ஞாயிற்றுக்கிழமை கோகுலுக்குக் காது குத்துகிறோம். அப்பாவே பத்திரிகை எழுதினார். அதில் தம்பி பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரும் இருக்கிறது. அச்சில் வந்திருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை, அவராகவே எழுதினார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்த வேண்டும். தம்பி தனியாக வந்தால் நன்றாக இருக்காது என்றார். இதற்கு நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. கோகுலின் அப்பா எங்களை விட்டுப் போனதிலிருந்து இந்த வீட்டில் நடக்கிற முதல் நல்ல காரியம்.

குழந்தைக்குப் பட்டுப்பாவாடை அளவு அனுப்பு.

குணசுந்தரி


கடலூர்
17.8.2009

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். பத்திரிகை வந்தது. என் பெயரைப் பார்த்தேன். உங்கள் கடிதத்தில் மாமா இருக்கிறார், திராட்சை இருக்கிறது, பட்டுப்பாவாடை இருக்கிறது. நான் கேட்ட பதில் மட்டும் இல்லை.

சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி முடித்துவிட்டு எங்கள் அம்மா இருசம்மாள் இங்கே வந்திருந்தாள். மத்தியானம் கக்கூஸ் போய்விட்டு வெளியே வந்தாள். ப்ரீத்தி சிவப்பு மக்கோடு வாசலில் நிற்கிறது. "ஆயா, தாண்டாத. தண்ணி ஊத்தணும்" என்றது. அம்மா விளையாட்டு என்று நினைத்து, "ஊத்துடி என் ராசாத்தி" என்றாள். அவள் கால் வைத்த இடத்திலெல்லாம் பிள்ளை தண்ணீர் ஊற்றியது. கூடம்வரை ஊற்றியது. பிறகு தன் கால்பட்ட இடத்திலும் ஊற்றியது. நான் போனேன், வந்தேன். என் பின்னால் ஊற்றியது. அரசு போய்விட்டு வந்தார். அவர் பின்னால் ஊற்றவில்லை.

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. நான்தான் மண்டு, அதுவரைக்கும் சுத்தம் பார்க்கிற பிள்ளை என்று நீங்கள் எழுதியதை நம்பிக்கொண்டிருந்தேன். "எம்பளத்தி மூணுல நான் வேலைக்குச் சேந்தப்ப, டீச்சருங்க ரூமுக்குக் காசு வாங்கப் போவேன். நான் வெளிய வந்ததும் ஒருத்தன் தண்ணி ஊத்துவான்" என்றாள் அம்மா. "அத யாரும் எனக்குப் படிச்சுச் சொல்ல வேணாம்டி. சத்தத்தக் கேட்டாலே தெரியும்."

அரசு சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

அந்த மக்கை நான் ஒளித்துவைத்தேன். டம்ளரை எடுத்துக்கொள்கிறாள். டம்ளரைப் பிடுங்கினால் எச்சிலைத் துப்பித் துடைக்கிறாள்.

அவளை அந்த பாத்ரூமுக்குள் யாராவது ஒரு தடவையாவது கூட்டிப்போனீர்களா? அதற்கப்புறம் என்ன நடந்தது? மாமா சொன்ன தமாஷ் என்ன? இதற்குப் பதில் எழுதாமல் பாவாடை தைக்காதீர்கள்.

அனு


சிதம்பரம்
29.8.2009

அனு,

ஆசீர்வாதம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. கோகுலைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, போஸ்ட் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை தம்பிக்குக் காட்டாதே.

கூட்டிப்போனேன். ஏழாவது நாள். உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே. அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். அவளைத் தூக்கி அந்த கமோடில் உட்காரவைத்து, விழுந்துவிடாமல் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். இருந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கைதட்டிக்கொண்டே வெளியே வந்தோம். அப்பா கூடத்தில் நின்றார்.

அவர் கத்தவில்லை. உனக்கு அவரைத் தெரியாது, அவர் கத்தவே மாட்டார். வேலைக்கு வருகிற செல்லாயியைக் கூப்பிட்டு, "அம்மா செல்லாயி, பாத்ரூம நல்லா கழுவி வுட்டுடும்மா. நடையிலயும் ஊத்திடு" என்றார். அவ்வளவுதான். குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். செல்லாயி கழுவினாள். "இன்னொரு வாட்டி" என்றார். கழுவினாள். "இன்னொரு வாட்டி." மூன்றாவது தடவை முடித்துவிட்டு செல்லாயி, "சின்னப் புள்ளதானேங்கய்யா" என்றாள். அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டார். செல்லாயியும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் தென்னை மரத்தடியில்தான் உட்காரவைத்தேன். குழந்தைகளை எல்லோரும் அப்படித்தானே உட்காரவைக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோகுல் உள்ளே போவான். அவள் கொல்லையிலிருந்து திரும்பி வரும்போது செல்லாயி பின்னால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அது அப்பாவின் உத்தரவு. செல்லாயி வராத நாள் நான் ஊற்றினேன். நான்தான் ஊற்றினேன், அனு. ஒரு நாள் நான் மறந்துவிட்டேன். அவளே மக்கை எடுத்து வந்தாள்.

அப்போதுதான் அப்பா சொன்னார். "பாத்தியா, யாரும் சொல்லிக் குடுக்காமலே வருது. ஆயா வேல." நம் பக்கத்தில் பாட்டிக்கும் ஆயா, பள்ளிக்கூடத்தில் கழுவுகிறவளுக்கும் ஆயா. எந்த ஆயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சிரித்தேன். கோகுல் சிரித்தான். நாங்கள் சிரித்ததால் அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து சந்தோஷமாகச் செய்தாள்.

எனக்குப் போக வேறு வீடு இல்லை. கோகுலுக்கு அப்பா இல்லை. இதையெல்லாம் நீ மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை, தெரிந்துகொள் என்று எழுதுகிறேன்.

சீட்டைக் கொண்டுவந்த அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குழந்தை கொல்லையிலிருந்து வந்தாள். செல்லாயி பின்னாலேயே வந்தாள். அதற்குமேல் என்னால் எழுத முடியாது.

காதுகுத்துக்கு வா.

குணசுந்தரி


கடலூர்
3.9.2009

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அரசுவிடம் காட்டினேன். காட்டாதே என்று நீங்கள் சொன்னதை நான் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. படித்தார். மடித்தார். "அப்பா வயசானவரு, அனு. இனிமே அவர மாத்தவா முடியும்? ரெண்டு மாசந்தானேன்னு இருந்துட்டேன்" என்றார். "உன் பொண்ணு நடந்த எடத்துல தண்ணி ஊத்துறாங்க, நீ சோத்துல கைய வெச்சிக்கிட்டு என்னா பண்ண?" என்று கேட்டேன். "ரசம் ஊத்திக்கிட்டேன்" என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார். அழட்டும். அவர் கண்ணைத் துடைக்க என்னிடம் கை இல்லை, பிள்ளைக்கு எனிமா டியூப் பிடிக்கவே சரியாக இருக்கிறது. போன வாரம் இரண்டாவது தடவை.

ஒன்று சொல்கிறேன். உங்கள் அப்பா ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு என் அம்மாவின் வேலை சிரிப்பாக இருக்கிறது. அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலும் ஓர் ஆயா கழுவியிருப்பாள். அவர் ஒருநாளும் நாற்றத்தில் உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்க மாட்டார். உங்கள் வீட்டில் ஆளுக்கொரு வார்த்தைக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. என் பிள்ளைக்கு ஒரு கக்கூஸில் இடம் இல்லை.

காதுகுத்துக்கு நாங்கள் வருகிறோம். மூன்று பேரும். ஆனால் ஒரு காரியம் நடக்க வேண்டும். பந்தல் நிறைய ஆள் இருக்கும்போது, நீங்கள் ப்ரீத்தியின் கையைப் பிடித்து, கூடத்தின் வழியாக நடத்தி, அந்த பாத்ரூமுக்குள் கூட்டிப்போக வேண்டும். அவள் இருந்துவிட்டு வெளியே வர வேண்டும். நீங்கள் கைதட்ட வேண்டும். யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது. உங்கள் அப்பாவை நான் கேட்கவில்லை, அவர் மாறவும் வேண்டாம். பழக்கியது நீங்கள். மாற்றிப் பழக்க வேண்டியதும் நீங்கள்.

சரி என்று ஒரே ஒரு வார்த்தை, கார்டில் எழுதிப் போடுங்கள். கார்டு வந்தால் பஸ் ஏறுவோம்.

அனுப்பிரியா


கடலூர்
15.9.2009

அண்ணிக்கு,

சனிக்கிழமை தபால்காரர் வந்து போகும்வரை கீழே நின்றிருந்தேன். கார்டு வரவில்லை.

அரசு மட்டும் வந்தார், பார்த்திருப்பீர்கள். தாய்மாமன் மடி இல்லாமல் உங்கள் பிள்ளை அழக் கூடாது என்றுதான் நானும் போகச் சொன்னேன். கோகுல் மேல் எனக்கு என்ன கோபம்? சின்னப் பிள்ளை. திரும்பி வந்தவர் பலகாரப் பொட்டலத்தோடு ஒரு பட்டுப்பாவாடையும் கொண்டுவந்தார். அளவு அனுப்பாமலே சரியாகத் தைத்திருக்கிறீர்கள். ரெண்டு மாதம் அவளைத் தூக்கித் திரிந்த கைக்கு அளவு தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், வேறு யாரிடமும் கேட்கவில்லை.

பாவாடை பெட்டிக்குள் இருக்கிறது, அவளுக்குப் போடவில்லை. நேரில் முடியாவிட்டால் எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அவளுக்கு எழுதுங்கள். தண்ணீர் ஊற்றியது உன் மேல் அழுக்கு இருந்ததால் இல்லை என்று உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். படிக்கத் தெரிந்ததும் கொடுப்பேன்.

அனுப்பிரியா


கடலூர்
24.6.2012

அண்ணிக்கு,

மாமா நடமாட்டமாக இருப்பதாகவும் கோகுல் இரண்டாம் வகுப்பு போவதாகவும் அரசு சொன்னார். வருஷத்துக்கு இரண்டு தடவை அவர் மட்டும் அங்கே வந்துபோகிறார். நான் தடுப்பதில்லை. கூடப் போவதும் இல்லை. எங்கள் அம்மா ரிட்டயர் ஆகிவிட்டாள். முதுகு வலிதான், மற்றபடி சௌகரியம்.

ப்ரீத்தி இந்த மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் உள்ளே போகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். அதற்கு ஒன்றரை வருஷம் ஆனது. தண்ணீர் ஊற்றுவதும் நின்றுவிட்டது, அதை அவள் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். புதுப் பள்ளிக்கூடம், நல்ல டீச்சர், நல்ல கக்கூஸ், நானே போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து ப்ரீத்தி ஒருநாள்கூட அதற்குள் போகவில்லையாம். தண்ணீர் பாட்டில் போனபடியே திரும்பி வருவதை நானும் கவனித்திருந்தேன், விளையாட்டுப் புத்தி என்று விட்டுவிட்டேன். பாத்ரூம் போகக் கூடாது என்பதற்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீர் குடிப்பதில்லை. அன்றைக்கு மயங்கி பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். "ஏம்மா போறதில்ல? பயமா?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

"பயம் இல்ல மிஸ்" என்றாளாம். "நான் போனா அப்புறம் கழுவணும். இங்க கழுவ ஆயா ஒருத்தங்கதான் இருக்காங்க. அவுங்களுக்கு முதுகு வலிக்கும்."

அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வருகிறது. பஸ் போர்டு, ரேஷன் கார்டு, மருந்து பாட்டில், எதையும் விடுவதில்லை. அவள் பெயரும் எங்கள் முகவரியும் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிய உறை இத்துடன் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்காகக் கேட்டதைப் பெரிய எழுத்தாக எழுதுங்கள், அண்ணி. இந்த மாதத்துக்குள் எழுதுங்கள்.

அனுப்பிரியா